பன்னிரண்டு மணிச் சிட்டை

எனக்கு இடது முழங்கால் சரியில்லை, ஐயா. மழை வருவதற்கு முதல் நாளே அது குத்த ஆரம்பித்துவிடும். ஆகவே இந்தக் கதிரையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். காலை நீட்டினால்தான் எனக்குப் பேச்சு கோர்வையாக வரும். பதினாறு வயதில் உர மூட்டையோடு வழுக்கி விழுந்த கால் இது. மூட்டை கிழியவில்லை என்று அன்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

சார்ஜன் எழுதிய வாக்குமூலத்தில் போன கிழமையே கையெழுத்து வைத்துவிட்டேன். சிங்களத்தில் இரண்டரைப் பக்கம். வாசித்தும் காட்டினார். ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் சரி. நான் 'பேர்' என்று சொன்னதை அவர் மனிதனின் பெயர் என்று எழுதிக்கொண்டார். அதை அப்படியே படித்தால், எங்கள் மலைத் தொழிலாளி சுந்தரலிங்கத்தின் பெயரில் பாதியை நான் வெட்டிவிட்டேன் என்று வருகிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் யாராவது வாசித்தால், அந்த மனிதரை 'சுந்தரம்' என்று சுருக்கிக் கூப்பிட்டதற்காக என்னைப் பிடித்து வைத்திருப்பதாக நினைப்பார்கள். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நான் கேட்டது அதற்காகத்தான். கண்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, வந்து நின்று, மாலை வரை இருந்து, சொன்ன கிலோவைக் கொடுத்தால் ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப் பேர். பகலோடு இறங்கிப் போனாலும் அரைப் பேர். அரைப் பேருக்குச் சம்பளமும் அரைதான். பேர் போடுகிற ஆள் கங்காணி. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே எங்கள் மலையில் பதினொரு வருடம் நான்தான் கங்காணி. பெயர் நடராஜா. அதைச் சார்ஜன் சரியாக எழுதியிருக்கிறார்.

கங்காணி ஆவதற்கு முந்திய காலத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவள். மாலையில் கொழுந்தை நிறுக்கும்போது, சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் ஒட்டியிருக்கிற தண்ணிக்கு இரண்டு கிலோ என்று கழிப்பார்கள். மழை நாளில் கழித்தால் நியாயம். மூன்று மாதம் சொட்டு மழை இல்லாமல் பீலியில் குடிக்கத் தண்ணி வராத வருடத்திலும் அந்த இரண்டு கிலோவைக் கழித்தார்கள். அம்மா ஒரு தடவை கேட்டாள். "பனி" என்றார் அன்றைய கங்காணி. தராசைப் பற்றிய என் படிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் படிக்கவும் தேவை வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பனி வந்தது. தேயிலை கைவிட்டுக் காடேறிய சரிவை வாடகைக்கு எடுத்தார்கள். விஷயம் இதுதான். மரம் வளரும்போது காற்றில் இருக்கிற காபனை இழுத்து உடம்பில் வைத்துக்கொள்ளும். மரம் உக்கிப்போனால் அது திரும்பவும் காற்றுக்குப் போய்விடும். மரத்தைக் காற்றுப் புகாத சூளையில் போட்டுக் கரியாக்கி, கரியை மண்ணுக்குள் புதைத்துவிட்டால், பல நூறு வருடத்துக்கு வெளியே வராது. உலகம் அவ்வளவு சூடாகாது. எங்கேயோ வெளிநாட்டில் புகை விடுகிற கம்பனிக்காரர்கள், தாங்கள் விட்ட புகைக்கு ஈடாக இங்கே புதைக்கிற கரிக்குப் பணம் கொடுப்பார்கள். அவர்கள் விடுவதை நாங்கள் புதைக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. துரை வீட்டு வேலையும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதல் கூட்டத்தில் சந்திரிகா எழுந்து நின்று கேட்டாள். சந்திரிகா எங்கள் மலையில் வாய் உள்ளவள்.

"காபன்னா, சிட்டைக்கு நடுவுல வைக்கிற அந்த நீலத் தாளா சேர்?"

"இல்லம்மா, இது காத்துல இருக்குறது."

"காத்துல இருக்குறத எப்புடி சேர் சாக்குல கட்டுறது?"

"மரம் கட்டித் தரும்மா."

"அப்ப மரத்துக்குப் பேர் போடுவீங்களா, எங்களுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கம்பனிக்காரரும் சிரித்தார். சுந்தரலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, கோவிலில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

பிறகு கண்டியில் ஒரு மண்டபத்தில் எனக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பகல் சாப்பாட்டுக்குக் கோழி இருந்தது. முடிவில் பன்னிரண்டு வரி எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார்கள். பாதுகாப்பு விதிகள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன. "தமிழில் நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்" என்றார்கள். எனக்கு எழுத்து அழகாக வரும். பெரிய தாளில் எழுதி, எங்கள் மடுவத்துக் கதவில் ஒட்டினேன். மடுவம் என்றால் முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகை. சுற்றிவரத் தகரம், இரண்டு பக்கமும் கதவு. இப்போது கரிச் சாக்கு அங்கேதான் அடுக்குவோம்.

நான் எழுதி ஒட்டியதில் பதினொரு வரி இருந்தது.

பன்னிரண்டாவதை மறந்துவிட்டேன் என்று சார்ஜனிடம் சொன்னேன். தாளில் இடம் போதவில்லை என்றும் சொன்னேன். அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பன்னிரண்டாவது வரி இது: மூடிக் கிடந்த களஞ்சியத்துக்குள் உடனே நுழையக் கூடாது. புதுக் கரி உள்ளே இருக்கிற நல்ல காற்றைக் குடித்துவிட்டு நஞ்சுக் காற்றை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டு கதவையும் திறந்து ஒரு மணித்தியாலம் விட்டு, இரண்டு பேராகத்தான் உள்ளே போக வேண்டும்.

இடம் இருந்தது, ஐயா. மறக்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு யார் மீதும் கோபம் கிடையாது. இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர் ஒரு மணித்தியாலம் வெளியே நின்றால் பதினைந்து மணித்தியாலம் போகும். நான் அந்த நேரத்தை மிச்சம் பிடித்தேன். சாதாரண நாளில் மடுவத்துக் கதவை மூடுவதே இல்லை. ஆய்வுக்கு முந்திய மூன்று நாள் மட்டும், கரியில் ஈரம் ஏறாமல் இருக்க, தகரத்து ஓட்டையெல்லாம் அடைத்து மூடி வைப்போம். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிற ஆபத்துக்கு ஒரு வரி எதற்கு என்று நினைத்தேன்.

இனி தண்ணி விஷயம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு அறுபது கிலோ கரி கொடுக்க வேண்டும் என்பது கம்பனியின் கணக்கு. உலர்ந்த கரி பஞ்சு மாதிரி. அறுபது கிலோ சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நான் ஆட்களிடம் சொன்னேன்: சாக்கைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாளி தண்ணி தெளியுங்கள், தூசி பறக்காது. எழுபது கிலோ வந்தது. எல்லோருக்கும் முழுப் பேர். எல்லோருக்கும் சந்தோஷம். என் அம்மாவின் கொழுந்தில் இல்லாத தண்ணியைக் கழித்த அதே தராசில் நான் இருக்கிற தண்ணியைச் சேர்த்தேன். திருட்டு என்று யாராவது சொன்னால், முதல் களவு எந்தப் பக்கம் நடந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கு வருகிறவர் துஷானி மிஸ். கண்டியிலிருந்து வருவார். நல்ல பிள்ளை, ஓரளவு தமிழும் பேசுவார். ஈரம் பார்க்க ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார். ஆகவே ஆய்வுக்கென்று நாற்பது சாக்கு சுத்தமான உலர்ந்த கரியைத் தனியாக அடுக்கிவிடுவேன். அவர் குத்திப் பார்ப்பார், எழுதுவார், புதைத்த குழிகளின் தலையில் நட்ட பலகைகளை எண்ணுவார், போவார். மூடிய குழியைத் திறக்கக் கூடாது என்பது கம்பனியின் சட்டம். திறந்தால் காபன் தப்பிவிடும் என்று மிஸ் நம்பினார். கோழிக் கூடு மாதிரி.

அந்தச் சட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. யாரும் திறக்க முடியாத குழிக்குள் என்ன இருந்தால் யாருக்கு என்ன?

கலகெதரயில் அஸீம் என்று ஒரு கூட்டாளி இருக்கிறான். கண்டியில் உள்ள சுட்ட கோழிக் கடைகளுக்குக் கரி கொடுப்பவன். புதைத்து ஒரு கிழமை போனதும் குழியைத் திறந்து, சாக்கை எடுத்துவிட்டு, கல்லும் செம்மண்ணும் போட்டு மூடுவோம். ஒளித்துச் செய்யவில்லை. பகல் பத்து மணிக்கு, பச்சை இலைப் படம் போட்ட கம்பனி லொறியிலேயே ஏற்றினேன். ஆட்களிடம் வேறு மலைக்கு மாற்றிப் புதைக்கிறோம் என்றேன். கங்காணி சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதற்குத்தானே கங்காணி.

அஸீம் முதல் லோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அல்லாஹ்வே, நல்ல கரி ஈக்கி மச்சான். இத ஏன் மண்ணுக்குள்ள போடுறீங்க?"

"ஒலகம் சூடாகாம இருக்குறதுக்கு."

"அப்ப கடையில போட்டு எரிச்சா?"

"கோழி சூடாகும்."

"ஒலகத்த விடுங்க மச்சான், கோழிக்கித்தான் பாவம்."

இதில் ஒரு வேடிக்கை. ஒரு தடவை ஆய்வு முடிந்து துஷானி மிஸ் என்னைக் கண்டிக்கு அழைத்துப்போய் அப்படியொரு கடையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். "இந்தக் கடைக் கோழியில மட்டும் ஒரு நல்ல புகை வாசம் இருக்கு, இல்லையா?" என்றார். ஆமாம் மிஸ் என்றேன். பதினேழாம் குழியின் கரி அது. சாக்கில் என் கையால் போட்ட முடிச்சு, அடுப்புக்குப் பக்கத்தில் தெரிந்தது. எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டார்.

இப்போது சுந்தரலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. சூளை வேலைக்கு அவரைப் போல ஆள் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் மண் சரிந்து, அவர் இருந்த லயத்து வீடுகளில் கடைசி மூன்று காம்பிராவை மூடியது. அவர் பெண்சாதி அதில் போனார். மகள் சுகிர்தா கண்டியில் ஒரு புடவைக் கடையில் பில் எழுதுகிறவள், அன்றைக்கு அங்கே நின்றதால் தப்பினாள். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசாதவர். கம்பனிக்காரர் வந்து, மழை மாறிப்போனதற்குக் காரணம் காபன், அதைப் பிடித்துப் புதைக்கலாம் என்று சொன்னதை அந்த மனிதர் முழுசாக நம்பினார். மலையில் அதை நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். கம்பனிக்காரரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவர் தண்ணி தெளிக்க மாட்டேன் என்றார்.

"கரி குளிக்குமா கங்காணி?"

"தூசி பறக்குதுண்ணே."

"பறந்தா நான் மூக்க மூடிக்கிறேன். தண்ணிய எழுதி அனுப்புனா, அங்கிட்டு வெளிநாட்டுக்காரன் அந்தளவு புகைய விடுவான். இங்கிட்டு மழ நம்ம தலையிலதான் விழும்."

சாக்குக் கட்டுகிற நாளில் அவருடையது நாற்பத்தெட்டு கிலோ, ஐம்பது கிலோ என்றுதான் வரும். மற்றவர்களுக்கு எழுபது. நான் என்ன செய்வது? கிலோ குறைந்தால் அரைப் பேர். இரண்டு மாதத்தில் அவருக்குப் பத்தொன்பது அரைப் பேர் விழுந்தது. அந்தப் பத்தொன்பதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. அவர் ஒரு வாளி தண்ணி ஊற்றியிருந்தால் ஒன்றுகூட விழுந்திருக்காது.

ஆய்வு இருந்த கிழமை, ஞாயிற்றுக்கிழமை, அவர் மடுவத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மழையில் இருபத்திரண்டாம் குழி உள்வாங்கியிருந்ததாம். சரிப்படுத்தலாம் என்று தானாகவே மண்வெட்டியோடு போயிருக்கிறார்.

"கங்காணி, குழியில கரிக்குப் பதிலா கல்லு மொளச்சிருக்கு."

"கரி மண்ணோட மண்ணாகணும்ங்கிறதுதானேண்ணே திட்டமே."

"அப்ப சாக்கும் மண்ணாகிருச்சா? நைலோன் சாக்கு?"

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"பக்கத்துக் குழியையும் பாத்தேன். அதுக்குப் பக்கத்தையும் பாத்தேன். கங்காணி, என் பொண்டாட்டி எந்த எடத்துல செத்தாளோ அதுக்கு மேலதான் அந்தக் குழிய வெட்டுனேன். சும்மா வெட்டல."

"இப்ப என்னாண்ணே செய்யணும்?"

"எல்லாக் குழியையும் திரும்ப நெரப்பணும். எனக்கு வெட்டுன பத்தொம்பது அரைப் பேரையும் முழுசாக்கணும். பங்கு கிங்கு எனக்கு வேணாம். வெசாழக்கெழம மிஸ் வருது. அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லிருவேன்."

மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். போகும்போது என் முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

நான் மூன்று நாள் யோசித்தேன். பொறுமையாகத்தான் யோசித்தேன். மொத்தம் நாற்பத்தொரு குழி. அவற்றைத் திரும்ப நிரப்ப ஆறு மாத வேலை. ஒரு குழி வெட்ட அரை நாள் போதும்.

வியாழக்கிழமை துஷானி மிஸ் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில், பேர் எழுதிக் கந்தோருக்கு அனுப்புகிற சிட்டைப் புத்தகத்துக்குப் புதுக் காபன் தாள் வைத்தேன். மிஸ் வருகிற நாளில் எழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். ஆட்களையெல்லாம் மேல் மலைக்கு விறகு வெட்ட அனுப்பினேன். சுந்தரலிங்கத்தை மட்டும் நிறுத்திக்கொண்டேன். மடுவம் திங்கட்கிழமை மூடியது. உள்ளே சூளையிலிருந்து நேராக வந்த நாற்பது சாக்குப் புதுக் கரி.

பத்தேகாலுக்கு ஒரு பக்கக் கதவைத் திறந்து கொடுத்தேன்.

"அண்ணே, கடைசி வரியில இருக்குற பத்துச் சாக்க முன்னுக்கு இழுத்து வைங்க. மிஸ் வந்தோடன ரெண்டு பேருமா ஒக்காந்து பேசுவோம். எல்லாத்தையும் நானே சொல்லிர்றேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லது கங்காணி" என்றார். சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன். கதவில் ஒட்டியிருந்த என் தாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மூக்கில் துணி கட்டிக்கொண்டார். விதிகளில் ஏழாவது அது.

பத்து நாற்பதுக்குச் சத்தம் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு டிரக்டர் கீழே கந்தோருக்கு, தோட்ட அலுவலகத்துக்கு, போகும். பகலோடு வேலையை நிறுத்தியவர்களின் சிட்டையை அதில் அனுப்ப வேண்டும். அன்றைக்கும் எழுதி அனுப்பினேன். பிறகு மடுவத்தின் இரண்டு கதவையும் திறந்துவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே விட்டேன். பன்னிரண்டாவது வரியை நான் மறக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஒன்றரைக்கு உள்ளே போய், அவரைக் கண்டுபிடித்து, சத்தம் போட்டேன்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். முகம் நன்றாக இருந்தது. உதடெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்த மாதிரி. "தூங்குறாப்புல இருக்காரே" என்று, கிளினிக்குக்குப் போய்த் திரும்பியிருந்த சந்திரிகா அழுதாள். மரண விசாரணைக்கு வந்த அதிகாரி வயதைக் கேட்டார், வேலையைக் கேட்டார், நெஞ்சடைப்பு என்று எழுதினார். இரண்டு மணிக்கு வந்த துஷானி மிஸ்ஸும் அழுதார். செத்த வீட்டு மலையில் அன்றைக்கு எந்தக் குழியையும் எண்ணவில்லை. மரியாதைக்காக எண்ணாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பனி மூன்று கிழமைக்கு வேலையை நிறுத்தியது. சுந்தரலிங்கத்தை இருபத்திரண்டாம் குழிக்குக் கொஞ்சம் கீழே, அவர் பெண்சாதி போன இடத்தில் அடக்கம் செய்தோம். குழியை நான்தான் முன்னின்று வெட்டுவித்தேன். அரை நாள் ஆனது.

அவர் செத்த அன்று மாலையில்தான் எனக்குச் சிட்டை ஞாபகம் வந்தது. கந்தோருக்குப் போய், கிளாக்கர் ஐயாவின் மேசையிலிருந்து பன்னிரண்டு மணிச் சிட்டையை எடுத்துக்கொண்டு, பிழை திருத்தம் என்று சொல்லி, வேறு தாளில் புதிதாக எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை மணிக்கு இறந்து கிடக்கக் காணப்பட்டார், அரைப் பேர். புத்தகத்தில் இருந்த பிரதியையும் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன்.

சம்பளம் போட்ட சனிக்கிழமை சுகிர்தா வந்தாள். கண்டி குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் முதல் பஸ் எடுத்து வந்ததாகச் சொன்னாள். நான் உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

"மாமா, அப்பாவுக்குக் கடைசி நாளு அரைப் பேர்தான் விழுந்திருக்கு."

"ஆமாம்மா. பகலுக்கு மேல அவரு வேல செய்யலையே."

"செத்துப்போன மனுசன் எப்புடி மாமா வேல செய்வாரு?"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்தான்.

"நாப்பது வருசம் இந்த மலையில ஒழச்சாரு. கடைசி நாளுக்கு ஒரு முழுப் பேர் போட்டா என்னா மாமா கொறஞ்சிரும்?"

"போட்டுறலாம்மா. அப்புறம் ஆளாளுக்கு வந்து கேப்பாங்க."

"செத்துட்டா?"

கணக்கைப் பார்த்துக்கொள் என்று சிட்டைப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன். என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று காட்டினால் பேச்சு முடியும் என்று நினைத்தேன். அவள் பில் எழுதுகிற பெண் என்பது எனக்குத் தெரியும். அதன் அர்த்தம் தெரியாமல் போய்விட்டது. தாள்களைப் புரட்டினாள். தாள்களின் வரிசையில் ஒரு இலக்கம் இல்லாததைப் பார்த்தாள். பிறகு நடுவில் கிடந்த காபன் தாளை எடுத்து, காற்றுக்கு விசிறுவது போல ஜன்னல் பக்கம் பிடித்தாள்.

"புதுக் காபனா மாமா?"

"அன்னிக்குக் காலையிலதான் மாத்துனேன். அதுக்கப்பறம் வேலயே நடக்கலையே."

"இத நான் எடுத்துக்கவா? எங்க கடையில முடிஞ்சிருச்சு. மொதலாளி வாங்கித் தர மாட்டேங்கிறாரு, கஞ்சப் பிசிநாறி."

நான் கொடுத்தேன், ஐயா. ஒரு தாள்தானே. முழுப் பேர் கேட்டு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மடங்காமல் இருக்க ஒரு மட்டையும் தேடிக் கொடுத்தேன். "நன்றி மாமா" என்று அதைக் கைப்பைக்குள் வைத்தாள். படி இறங்கும்போதுகூட என் முழங்காலைப் பற்றி அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்தது. சார்ஜன் அந்தத் தாளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஒரே ஒரு தடவை எழுதிய தாள். என் அழகான எழுத்து, கண்ணாடியில் எழுதியது போலத் தெரிந்தது. பகல் 12.00 மணி. அரைப் பேர் இரண்டு. ஒன்று, சந்திரிகா, கிளினிக். இரண்டு, சுந்தரலிங்கம், 10.40.

பிணத்தைக் கண்டெடுத்தது ஒன்றரைக்கு என்று ஊரே சாட்சி சொல்லும். பன்னிரண்டு மணிக்கே அந்த மனிதர் இனி வேலை செய்ய மாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சார்ஜன் கேட்டார். நியாயமான கேள்வி. சுகிர்தா எடுத்துக் கொடுத்த கேள்வி அது என்றும் சொன்னார். பிறகு சுந்தரலிங்கத்தைத் தோண்டி எடுத்தார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் மலையில் புதைத்தது எதுதான் உள்ளே தங்கியது? குழிகளையும் திறந்தார்கள். கம்பனிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு கல்லை எண்ணினார்கள். மூன்று வருடத்தில் நாங்கள் பிடித்து வைத்த காபனில், தப்பிப் போகாமல் நின்றது அந்த ஒரு நீலத் தாள்தான். சந்திரிகா முதல் நாளே சரியாகக் கேட்டாள்.

ஏன் அதைச் சிட்டையில் எழுதினாய் என்று சார்ஜன் இரண்டு தடவை கேட்டார். எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு நான் வெளியே நின்றிருப்பேனாம். அவருக்கு விளங்கவில்லை. எழுதாமல் விட்டால், முழுப் பேர் போயிருக்கும். செய்யாத வேலைக்குப் பேர் போடுகிற கங்காணி நான் இல்லை. பதினொரு வருடத்தில் ஒரு தடவையும் போட்டதில்லை.

அந்தப் பத்து நாற்பதைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். சத்தம் நின்றது என்றேன். சாக்கு இழுக்கிற சத்தம் என்றுதான் சார்ஜன் எழுதியிருக்கிறார். சாக்கு இழுக்கிற சத்தம் பத்து இருபத்தைந்துக்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கேட்டது கதவைத் தட்டுகிற சத்தம். அவர் உள்ளே போனதும் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. வெளியே இருந்து கொண்டியைப் போட்டேன். அதன் பக்கத்தில் பெட்டி ஒன்றைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். முதலில் "கங்காணி" என்று கூப்பிட்டார். பிறகு "நடராஜா" என்று கூப்பிட்டார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

கதவைத் தட்டுவது வேலை இல்லை. கணக்குப் பார்த்தால் பத்து இருபத்தைந்து என்றுதான் எழுதியிருக்க வேண்டும். நான் பத்து நாற்பது என்று எழுதினேன். பதினைந்து நிமிடத்தை அவருக்காக விட்டுக் கொடுத்தேன். இதை யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் இங்கே வந்து, காலை நீட்டி, ஆற அமர யோசித்ததில் ஒன்று தட்டுப்பட்டது. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். பகலோடு தானாக இறங்கிப் போனவனுக்கு அரைப் பேர். வேலை செய்ய நின்றவனைக் கங்காணியே நிறுத்தி வைத்தால் முழுப் பேர் கொடுக்க வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம், என் அம்மா காலத்திலும் அதுதான். சுந்தரலிங்கம் தானாக இறங்கிப் போகவில்லை. கொண்டியைப் போட்டது நான். இதில் பிழை என் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். சார்ஜனின் தாளில் இது வரவில்லை, நீங்கள் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்: சுந்தரலிங்கத்துக்கு நான் இன்னும் ஒரு அரைப் பேர் பாக்கி.